முதற்பதிப்பின் அலமாரியில் ஒரு கை அகல இடம்

படிக்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. படிக்காதவர்கள் என்று அதைவிடப் பெரிய இனம் ஒன்றும் உண்டு. இந்த இரண்டு இனத்தாராலும் உலகத்துக்குப் பெரிய தொந்தரவு கிடையாது. முன்னவர்கள் ஏதாவது ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். பின்னவர்கள் அந்த மூலையைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் இருப்பார்கள். இவர்களுக்கு நடுவே மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. எதைப் படிப்பது என்று முடிவு செய்துகொண்டிருப்பவர்கள். இவர்களைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இந்த இனம் எல்லா அலமாரிக்கு முன்னாலும் காணப்படும் என்றாலும், விஞ்ஞானக் கதைகளும் மாயாஜாலக் கதைகளும் அடுக்கிய அலமாரிக்கு முன்னால்தான் செழிப்பாக வளர்கிறது. அங்கேதான் பழையவர்களுக்கும் புதியவர்களுக்கும் வாய்தா மேல் வாய்தாவாக ஒரு வழக்கு நடக்கிறது. பழையவர்கள், ராக்கெட்டை ஒருவரும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதில் ஏறிப் போய்விட்டுத் திரும்பியவர்கள். புதியவர்கள், ராக்கெட் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே தனியாக உட்கார்ந்திருப்பவனுக்கு எங்கே வலிக்கிறது என்று விசாரிப்பவர்கள். பழைய கதையில் டிராகனைக் கொன்றால் ராஜ்யம் கிடைக்கும். புதிய கதையில் டிராகனுக்கும் ஓர் அம்மா இருப்பாள். இரண்டும் நன்றாகத்தானே இருக்கிறது, இரண்டையும் படித்துவிட்டுப் போகலாமே என்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் முதல் இனம். போய் மூலையில் உட்காருங்கள். ஆனால் அதற்குள் சந்தோஷப்பட வேண்டாம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். கண்ணைச் சோதித்து மூக்குக்கண்ணாடி செய்துகொடுக்கும் கடை வைத்திருக்கிறார். என் மூக்கின் மேல் இருப்பதும் அவர் கைவேலைதான். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு; அது அவருடைய வாக்காளர் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'முதற்பதிப்பு'.

காரணப் பெயர்தான். எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாலும் அவர் அட்டையைப் பார்க்க மாட்டார், முதல் வரியைப் பார்க்க மாட்டார். ஓட்டுக்குள் இருக்கும் நத்தையைத் தேடுபவர்போல விரலை உள்ளே விட்டு, பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கத்தைத் திறந்து, முதற்பதிப்பு எந்த வருஷம் என்று பார்ப்பார். பார்த்த பிறகுதான் முகத்தில் என்ன உணர்ச்சியைக் கொண்டுவருவது என்று அவருக்கே தெரியும். பழைய வருஷமாக இருந்தால் கண்ணை மூடி மெதுவாகத் தலையாட்டுவார். புதிய வருஷமாக இருந்தால் ஒரு புருவம் மட்டும் மேலே போகும். வருஷம் போடாத புத்தகமாக இருந்தால், வாசலில் விட்ட செருப்பைக் காணாதவர்போல நிற்பார்.

சரி, அவர் பழையவர்கள் கட்சியா, புதியவர்கள் கட்சியா? இங்கேதான் இந்த இனத்தின் நுட்பம் இருக்கிறது. எதிரே இருப்பவர் எந்தக் கட்சியோ, அதற்கு எதிர்க்கட்சி. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி கண் சோதிக்க வந்தாள். மடியில் போன மாதம் வந்த டிராகன் கதை. "இதெல்லாம் அறுபது வருஷத்துக்கு முன்னாடியே எழுதியாச்சும்மா" என்று ஆரம்பித்தவர், அவள் கண்ணில் விட்ட மருந்து காய்கிறவரை நிறுத்தவில்லை. மறுநாள் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஒருவர் வந்தார். அவர் பையில், தொட்டால் பொடியாக உதிரும் பழைய விண்வெளிக் கதை. "இன்னுமா சார் இதைப் பிடிச்சுக்கிட்டிருக்கீங்க? இப்ப எழுதறவங்க எங்கேயோ போயிட்டாங்க" என்றார் முதற்பதிப்பு. ஒரு சாயங்காலம் அந்தப் பெண்ணும் தபால் அதிகாரியும் ஒரே பெஞ்சில் அருகருகே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு முதற்பதிப்பு இருவர் கண்ணையும் வாய் திறக்காமல் சோதித்தார். அந்தக் கடையில் அப்படியோர் அமைதியை அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டதில்லை.

இவருடைய இன்னொரு ஆயுதம், "அதுக்கு முன்னாடி" என்ற சொல். நீங்கள் ஒரு புத்தகம் படிக்க ஆசைப்படுவதாகச் சொல்லுங்கள். நல்லதுதான், ஆனால் அது இன்னொரு புத்தகத்துக்கு எழுதிய பதில். அதுக்கு முன்னாடி அதைப் படிக்கணும். அந்த இன்னொன்று, ஒரு மூன்றாவதைக் கிண்டல் செய்து எழுதியது. அதுக்கு முன்னாடி அதைப் படிக்காமல் கிண்டல் எப்படிப் புரியும்? இப்படிப் படிப்படியாக அவர் உங்களைக் கீழே இறக்கிக்கொண்டே போவார். விட்டால், முதல்முதலில் நெருப்பு மூட்டியவன் பக்கத்துக் குகைக்காரனிடம் விட்ட கதையில் கொண்டுபோய் நிறுத்துவார். அதை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதால் நீங்கள் எதையுமே ஆரம்பிக்க முடியாது. வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

அவர் வீட்டு அலமாரியையும் பார்த்துவிட வேண்டும். நானூறு புத்தகங்களுக்குக் குறையாது. இடது பக்கம் முழுவதும் பழையவர்கள், வருஷ வரிசையில். வலது பக்கம் முழுவதும் புதியவர்கள், அதுவும் வருஷ வரிசையில். நடுவே ஒரு கை அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறார். அந்த இடம் 'இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகம்' வைப்பதற்காக. பதினோரு வருஷமாக அதில் தூசி தட்டும் துணி இருக்கிறது.

அப்படியானால் அவர் படித்ததே இல்லையா? சின்ன வயதில் நிறையப் படித்தவர்தான். பிறகு எப்போதோ ஒரு நாள், படிப்பதைவிடத் தேர்ந்தெடுப்பது உயர்ந்த காரியம் என்று தோன்றிவிட்டது. அதில் ஒரு சுகமும் இருக்கிறது. தேர்ந்தெடுக்கிறவருக்கு நானூறும் சொந்தம். படிக்கிறவருக்கு அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றுதான். அதைத் திறந்ததும் மற்றவை மூடிக்கொள்கின்றன. அந்த ஒன்று நன்றாக இல்லாமல் போய்விட்டால்? மதில்மேல் பூனைக்குக்கூட ஒரு கட்டத்தில் பசிக்கும். ஏதாவது ஒரு பக்கம் குதித்துத்தான் ஆக வேண்டும். நம்மவர் மதிலையே வீடாக்கி, அதற்கு ஓர் அலமாரியும் செய்துவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தொழிலில் இவர் நேர் எதிர். கண் சோதிக்கும்போது கனமான இரும்பு ஃப்ரேமை நம் மூக்கில் மாட்டி, ஒரு லென்ஸைப் போடுவார். "இது ஒண்ணு" என்பார். அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவார், "இது ரெண்டு. எது தெளிவு?" நாம் கொஞ்சம் தயங்கினால் போதும். "யோசிக்காதீங்க. யோசிச்சா தப்பாயிடும். பார்த்ததும் சொல்லுங்க." இதோடு ஒரு தொழில் ரகசியமும் உண்டு. சிலர், ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்பதற்காக ஒவ்வொரு தடவையும் வித்தியாசம் சொல்லிக்கொண்டே இருப்பார்களாம். அவர்களைப் பிடிக்க, போட்ட லென்ஸை எடுத்துவிட்டு அதையே திரும்பவும் போடுவாராம். "அப்பவும் ரெண்டாவதுதான் சார் பளிச்சுனு இருக்குன்னு அடிச்சுச் சொல்றாங்க" என்று எத்தனையோ தடவை எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவருடைய அக்காவிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார். அது பின்னால் வரும்.

அந்த அக்கா பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருஷ அனுபவம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பின்படியில் தொங்குகிறவனின் குலத்தைக் கண்ணாடியில் பார்த்து விசாரிக்கக்கூடியவர். ஒரு நாள் கடைக்கு வந்து, வலது கண்ணின் ஓரத்தில் ஒரு கறுப்புத் திரை இறங்குகிறாற்போல இருக்கிறது, ஃப்ரேம் கோணலாகிவிட்டதா பார் என்று சாதாரணமாகச் சொன்னார். முதற்பதிப்பு ஃப்ரேமைப் பார்க்கவில்லை. ஷட்டரை இழுத்துவிட்டு, அரை மணி நேரத்தில் அக்காவைக் கண் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். விழித்திரை கிழிந்து விலக ஆரம்பித்திருந்தது, அன்றைக்கே ஆபரேஷன். அந்த அரை மணி நேரத்தில் அவர் எதையும் எதோடும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அவரைக் கேலி செய்ய வந்த இடத்தில் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழி விட்டிருக்கிறது. சுவரில் ஒட்டிய தாள் காய்கிறவரை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பதைப்போல, விழித்திரையை அந்தக் குமிழிதான் அழுத்திப் பிடிக்க வேண்டும். குமிழி எப்போதும் மேலே போகும். ஆகவே முகம் கீழே இருக்க வேண்டும். பதினான்கு நாள், விழித்திருக்கும்போதும் தூங்கும்போதும் குப்புறத்தான். படிக்கக் கூடாது, கண் ஓடக் கூடாது. நிமிர்ந்து படுத்தால் ஒட்டியது விலகலாம். விலகினால் பேருந்தை மறந்துவிட வேண்டியதுதான்.

அக்காவின் கணவர் குழாய் வேலை பார்க்கும் பிளம்பர். அவர் இதை உடனே தன் மொழிக்கு மாற்றிக்கொண்டார். "உங்க அக்கா கண்ணுல கொத்தனார் வைக்கிற ரசமட்டத்தை வச்சிருக்காங்க மாப்ளே. குமிழி நகர்ந்துச்சுன்னா மொத்த வேலையும் கோணிடும்." கட்டிலில் தலை வைத்துப் படுக்கும் பலகையில் முகம் அளவுக்கு ஓர் ஓட்டை அறுத்து, விளிம்பில் பஞ்சு வைத்துத் தைத்து, அக்காவை அதில் குப்புறப் படுக்க வைத்தார். கீழே தெரிவது தரை. மூன்று தரை ஓடுகள். இரண்டு முழுசு, ஒன்று பாதி.

இருபத்திரண்டு வருஷம் அரை மைல் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு மூன்று ஓடுகள் எத்தனை மணி நேரம் போதும்? டாக்டருக்கும் அது தெரிந்திருந்தது. யாராவது நல்ல கதையாகப் படித்துக்காட்டுங்கள், மனசு அதில் இருந்தால் தலை தானாகக் கீழே இருக்கும் என்றார். அக்கா தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அதுக்குத்தான் என் தம்பி இருக்கானே. வீடு பூரா கதைதான்."

"அதை என்கிட்ட விடுக்கா" என்றார் முதற்பதிப்பு. இது முதல் நாள்.

இரண்டாம் நாள் பதினோரு புத்தகங்களோடு வந்தார். கட்டிலுக்கு அடியில் ஓடுகளின் மேல் அவற்றை அட்டை தெரியப் பரப்பினார். ஒவ்வொன்றும் எந்த வருஷம், அதற்கு முன்னாடி என்ன, பின்னாடி என்ன என்று இரண்டு மணி நேரம் விளக்கினார். பிறகு, வீட்டில் இருக்கும் பன்னிரண்டாவதைப் படிக்காமல் இந்தப் பதினொன்றில் எதையும் ஆரம்பிப்பது நியாயமில்லை என்று தோன்றவே, பதினொன்றையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஒரு பெரிய தாளில் படம் வரைந்து கொண்டுவந்தார். கட்டம் கட்டமாக எழுத்தாளர்கள், யார் யாரைப் படித்து எழுதினார்கள் என்று அம்புக்குறிகள். பிளம்பர் அதை வெகுநேரம் பார்த்தார். "எந்த வீட்டுக் குழாய்ப் படம் மாப்ளே இது? எந்தப் பக்கமும் தண்ணி வெளிய வர்ற மாதிரி தெரியலையே."

நான்காம் நாள் இரண்டு நண்பர்களுக்குத் தொலைபேசியில் பேசி ஆலோசனை கேட்டார். ஒருவர் பழையவர்களில் தொடங்கச் சொன்னார். அவரிடம் புதியவர்களுக்காக வாதாடினார். இன்னொருவர் புதியவர்களில் தொடங்கச் சொன்னார். அவரிடம் பழையவர்களுக்காக வாதாடினார். சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வரும்போது கையில் புத்தகமும் இல்லை, தொண்டையில் குரலும் இல்லை.

ஐந்தாம் நாள் முடிவு செய்தேவிட்டார். புத்தகமும் கொண்டுவந்தார். முன்னுரை முழுவதையும் படித்துக்காட்டினார். அதன் கடைசிப் பத்தியில், இது சுருக்கிய பதிப்பு என்று போட்டிருந்தது. சுருக்கிய பதிப்பைப் போய் அக்காவுக்குக் கொடுப்பதா? முழுப் பதிப்புக்குச் சொல்லி அனுப்பினார். வந்து சேரப் பத்து நாள் ஆகும்.

"பத்து நாள்ல நான் எந்திரிச்சிடுவேன்டா" என்றது கட்டிலின் ஓட்டை.

"அவசரப்பட்டு மோசமானதா ஒண்ணைப் படிச்சிட்டா, அப்புறம் இந்த வகைக் கதையே உனக்குப் பிடிக்காமப் போயிடும்க்கா."

"இப்ப உன்னையே பிடிக்காமப் போயிட்டிருக்கு."

நடுவில் பிளம்பரும் முயன்று பார்த்தார். வீட்டில் அவர் கைக்கு அகப்பட்ட அச்சடித்த சாமான், தண்ணீர் மோட்டாரோடு வந்த கையேடு. அதை இரண்டு பக்கம் படித்ததில் அவரே தூங்கிவிட்டார்.

ஆறாம் நாள் பிளம்பர் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அக்கா தனியாகக் கைபேசியில் ஏதோ கதை கேட்டார். ரயில் நிலையத்தில் தாமதத்தை அறிவிக்கும் குரலில் யாரோ வாசித்தார்கள். கேட்டபடியே தூங்கிப்போனார். பகல் ஒரு மணிக்குப் பிளம்பர் வந்து பார்த்தபோது, அக்கா மல்லாந்து, கூரையைப் பார்த்து, நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிளம்பரிடமிருந்து ஒரு கேலியும் வரவில்லை.

ஏழாம் நாள் டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். ஓர் ஓரம் ஒட்டவில்லை. இன்னும் ஏழு நாள் இருக்கிறது, அதற்குள் ஒட்டினால் சரி. இன்னொரு தடவை நிமிர்ந்தால் மறுபடி ஆபரேஷன், அப்போதும் பேருந்து ஓட்டும் பார்வை வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் அக்கா முழங்காலில் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தார். பிளம்பர் அவர் முதுகில் கை வைத்திருந்தார். கடைசித் திருப்பத்தில் முதற்பதிப்பு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "புதுசுலேருந்தே ஆரம்பிச்சிருக்கலாமோ."

பிளம்பர் ஆட்டோக்காரரிடம், கொஞ்சம் வேகமாகப் போங்கள் என்றார்.

எட்டாம் நாள் காலையில் பிளம்பர், மைத்துனர் வீட்டில் ஒழுகும் குழாயைச் சரிசெய்யப் போனார். சாவி அவரிடம் எப்போதும் உண்டு. குழாய்க்குப் புது வாஷர் போட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அலமாரிக்கு முன் நின்றார். எத்தனை நேரம் நின்றார் என்று பிற்பாடு கேட்டேன். "நிக்கல. கையை நீட்டினேன், இது வந்துச்சு" என்றார். நானூறு புத்தகத்துக்கு எதிரே ஒரு மனிதன் நடந்துகொள்ளக்கூடிய விதம் இப்படியும் ஒன்று இருக்கிறது.

வீட்டுக்கு வந்து, அக்கா சொன்னபடி, புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டார். முதல் சில பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து, குழாய் மரையில் சுற்றும் வெள்ளை நாடாவால் சுற்றோ சுற்றென்று சுற்றினார். கசிவுக்கு வழியே இல்லை. தலைப்பு தெரியாது, எழுதியவர் தெரியாது, வருஷம் தெரியாது.

சாயங்காலம் முதற்பதிப்பு வந்தார். கையில் திருத்திய படம். அம்புகளின் எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறாராம். அக்கா அவரைக் கட்டில் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"தம்பி, கடையில நீ கேக்கறதை இன்னிக்கு நான் கேக்கறேன். ஒண்ணு, ரெண்டு. எது தெளிவுன்னு சொல்லு. யோசிக்காதே."

பிளம்பர் பழுப்பு அட்டை போட்ட புத்தகத்தைப் பிரித்து, மோட்டார் கையேட்டுக் குரலில் ஒரு பத்தி வாசித்தார். நிலாவின் மறுபக்கத்தில் மொத்தம் ஒன்பது வீடுகள். ஒன்பதுக்கும் தபால் கொண்டுபோகிறவள் ஒருத்தி. அங்கே காற்று இல்லாததால் மணி அடித்துப் பயனில்லை. கதவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் உள்ளே இருப்பவருக்குத் தரை அதிரும். அதுதான் தபால் வந்ததற்கு அடையாளம்.

"ஒண்ணு" என்றார் பிளம்பர். மடித்துவைத்துவிட்டு, தொண்டையைச் செருமி, திரும்பவும் பிரித்தார். கடைசி வீட்டைத் தாண்டி ஒரு பள்ளம் இருந்தது. அதில் ஒரு மிருகம் படுத்திருந்தது. அதற்குக் கண் கிடையாது. விலாசம் இல்லாத கடிதங்களை மட்டும் தின்று அது உயிர் வாழ்ந்தது. அன்றைக்கு அவள் பையில் அப்படி ஒன்று இருந்தது.

"ரெண்டு."

முதற்பதிப்பு கண்ணை மூடித் தலையாட்டினார். பிறகு ஒரு புருவத்தை உயர்த்தினார். பிறகு பேசத் தொடங்கினார். முதலாவது பழசு, அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. வீட்டைக்கூட எண்ணிச் சொல்கிற நிதானம், காற்று இல்லாத இடத்தில் சத்தம் இல்லை என்ற கணக்குச் சுத்தம், இதெல்லாம் அந்தத் தலைமுறையோடு போயிற்று. இரண்டாவது புதுசு, இப்போது எழுதுகிறவர்களுக்கு எதையும் விளக்க வேண்டுமென்ற கவலை இல்லை, அது மிருகமே இல்லை, தனிமை. அதுமட்டுமில்லை, இரண்டாமவர் முதலாமவரைக் கரைத்துக் குடித்திருக்கிறார், அந்தச் செல்வாக்கு வரிக்கு வரி தெரிகிறது. ஆனாலும் அவரை மீற முடியவில்லை, பாவம். இப்படிக் கால்மணி நேரம்.

அக்கா பொறுமையாகக் கேட்டார். "சரி, இதுல எதை முதல்ல படிக்கணும்?"

"என்னக்கா இப்படிக் கேக்கற. முதலாவதைப் படிக்காம ரெண்டாவது எப்படிப் புரியும்?"

"நியாயம்தான். பதினேழாம் பக்கத்தைப் படிக்காம பதினெட்டாம் பக்கம் புரியாதுதான்."

அறையில் சத்தமே இல்லை. நிலாவின் மறுபக்கம்போல இருந்தது.

"ஒரே லென்ஸுடா தம்பி. ரெண்டு தடவை போட்டேன்" என்றார் அக்கா. "அதுவும் உன் அலமாரி லென்ஸுதான்."

முதற்பதிப்பு பழுப்பு அட்டையைப் பார்த்தார். வெள்ளை நாடாவைப் பார்த்தார். இரண்டு கூட்டங்களில் அவர் பேசிய புத்தகம் இதுதான் என்பது அப்போது அவருக்கே தெரியாது. அவர் கேட்ட கேள்வியை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

"எந்த வருஷம்?"

"சொல்ல மாட்டேன்." அக்காவின் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் இறங்கியது. "எட்டு நாளா இந்த மூணு ஓடுகளையே பார்த்துக்கிட்டிருக்கேன். எனக்குப் பழசும் வேண்டாம், புதுசும் வேண்டாம். அந்தக் கடுதாசியை அவ என்ன பண்ணினான்னு தெரியணும். உட்கார்ந்து படி."

முதற்பதிப்பு உட்கார்ந்தார். படித்தார். மூன்றாவது வரியில் நிறுத்தி, "இங்க பாருக்கா, இந்த உத்தியை..." என்றார். கட்டிலின் ஓட்டையில் முகம் ஓர் அங்குலம் மேலே வந்தது.

"ஐயோ, என்னக்கா பண்ற?"

"நீ ஒரு விளக்கம் சொன்னா நான் ஒரு அங்குலம் நிமிருவேன். இன்னும் ஆறு நாள் இருக்கு. உன் இஷ்டம்."

விழித்திரை விலகினால் என்ன ஆகும் என்று அந்த அறையில் மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். வாயை மூடினார். அதாவது, கதைக்கு மட்டும் திறந்தார். உலகத்தில் எத்தனையோ விமரிசகர்கள் உண்டு. இவ்வளவு நல்ல காரணத்துக்காக மௌனமானவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் விளக்கம் சொல்ல வந்து இரண்டு தடவை நாக்கைக் கடித்துக்கொண்டார். பத்தாம் நாள் ஒரு தடவை. பதினோராம் நாள் கடித்துக்கொள்ள மறந்துவிட்டார். விளக்கம் வரவே இல்லை. கடையை மதியச் சாப்பாட்டுக்கு மூடிவிட்டுப் போனவர் மாலை ஆகியும் திறக்காததால், வாடிக்கையாளர் இரண்டு பேர் வெளியே மங்கலாக நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் நான். பன்னிரண்டாம் நாள், அவள் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று, விலாசமில்லாத கடிதத்தை மிருகத்துக்குப் போடாமல் தானே பிரிக்கும் இடம் வந்தது. முதற்பதிப்பின் குரல் ஒரு வரியில் தடுக்கியது, தடுக்கிய வரியைத் திரும்பப் படித்தார், மறுபடியும் தடுக்கியது. கட்டிலின் அடியில் தரை ஓட்டின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. பிளம்பர் பழக்க தோஷத்தில் குனிந்து, எங்கே கசிகிறது என்று பார்த்தார். கண்ணுக்கு விடும் மருந்து மஞ்சள் நிறம். இது நிறமில்லாமல் இருந்தது.

"கழுத்து வலிக்குதா?" என்று கேட்டார்.

"சும்மா இருங்க. நீ மேல படிடா."

பதினான்காம் நாள் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். ஓரம் ஒட்டியிருந்தது. குமிழி கரைந்து, கண்ணாடி மாற்றி, எல்லாச் சோதனையும் முடிந்தபின் பேருந்தைத் தொடலாம் என்றார். அக்கா மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். முதலில் கண்ணில் பட்டது தம்பியின் முகம்தான். "நீ ஏன்டா இப்படி இளைச்சுட்ட?" என்றார். இரண்டு வாரமாகக் கால்களை மட்டும் பார்த்திருந்ததால் அப்படித் தோன்றியிருக்கலாம்.

இந்த இடத்தில் கதையை முடித்தால் முதற்பதிப்பு திருந்திவிட்டார் என்று அர்த்தமாகிவிடும். ஓர் இனம் அவ்வளவு சுலபமாக அழிவதில்லை. போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். அந்தக் கல்லூரிப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நிலாவில் தபால் கொடுப்பவளின் கதையை அவர் அவளுக்குச் சிபாரிசு செய்துகொண்டிருந்தார். மனிதர் கண் பளபளக்கப் பேசியதைப் பார்த்து எனக்கே சந்தோஷமாக இருந்தது. அவள் உடனே படிக்கிறேன் என்றாள்.

"படிம்மா, படி. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. சும்மா உட்கார்ந்து படிச்சா அது ஏறாது. குப்புறப் படுத்துக்கிட்டு, யாரையாவது படிக்கச் சொல்லிக் கேக்கணும்."

அவர் வீட்டு அலமாரியையும் பார்த்தேன். நடுவில் அந்தக் கை அகல இடத்தில் தூசித் துணி இல்லை. பழுப்பு அட்டையோடு அந்தப் புத்தகம் நின்றிருந்தது. சுற்றியிருந்த வெள்ளை நாடா மட்டும், மெல்லிய பிளேடால் ஒரே கோடாக, சுத்தமாக அறுக்கப்பட்டிருந்தது. எப்போது அறுத்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் தேநீர் எடுத்துவர உள்ளே போன சமயத்தில் பிரித்துப் பார்த்துவிட்டேன். வருஷம் எனக்குத் தெரியும்.

அது பழையவர்களில் சேர்ந்ததா, புதியவர்களில் சேர்ந்ததா என்று உங்களுக்குச் சொல்லிவிடலாம். ஒரு வரிதான் ஆகும். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதையும் சொல்லலாம்; அதற்கும் ஒரு வரிதான். இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன் என்றால் எதைக் கேட்பீர்கள்? யோசிக்காதீர்கள். யோசித்தால் தப்பாகிவிடும்.

வருஷத்தைத்தானே கேட்க வந்தீர்கள்? மூலையிலிருந்து எழுந்து வாருங்கள். உங்கள் அலமாரியின் நடுவே தூசித் துணி ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துவிடலாம்.